பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் வைப்பது?

புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் அதைச் செருகி, படங்களையும் வீடியோக்களையும் நேராக இழுத்துப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எந்தக் கோப்பு முறைமையில் ஃபார்மட் ஆகி வந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க வேண்டிய நேரம் அதுதான். காலி டிஸ்க்கில் ஃபார்மட்டை மாற்றச் சில நிமிடம் போதும். ஒரு டெராபைட் நிரம்பிய பிறகு மாற்ற நினைத்தால், அவ்வளவையும் இறக்கி வைக்க இன்னொரு டிஸ்க் தேட வேண்டியிருக்கும்.

கோப்பு முறைமை என்பது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, எந்த இடம் காலி என்பதையெல்லாம் கணக்கு வைக்கும் ஏற்பாடு. விண்டோஸ் ஒரு மாதிரி கணக்கு வைக்கிறது, மேக் ஒரு மாதிரி, லினக்ஸ் ஒரு மாதிரி. ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குச் சில நேரம் புரியும், சில நேரம் புரியவே புரியாது.

யாரிடமாவது கேட்டால், “எக்ஸ்ஃபேட்டில் போடு, எல்லாவற்றிலும் திறக்கும்” என்று பதில் வரும். எக்ஸ்ஃபேட் (exFAT) என்பது விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய ஒரு கோப்பு முறைமை. சாதனம் விட்டு சாதனம் கோப்புகளைக் கொண்டு போகும் பென் டிரைவுக்கு இது நல்ல யோசனை. பேக்கப் டிஸ்க்குக்கு நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். ஏன் என்பதை விளக்கிவிட்டு, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு கேள்விகள்

இந்த டிஸ்க்கில் எந்தக் கணினி எழுதப் போகிறது? அந்தக் கணினி கெட்டுப்போனாலோ திருடு போனாலோ, டிஸ்க்கை வேறு எந்தக் கணினியில் திறப்பீர்கள்?

இந்த இரண்டுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கேள்வி எழுதுவதைப் பற்றியது, இரண்டாவது படிப்பதைப் பற்றியது. பறிபோன கோப்புகளை மீட்கும் நாளில் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை, உள்ளே இருப்பதைப் படிக்க முடிந்தால் போதும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பலர் தவறான ஃபார்மட்டுக்குப் போகிறார்கள்.

உதாரணத்துக்கு, வீட்டில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். அவசரத்துக்கு உதவக்கூடிய அண்ணனிடம் இருப்பது மேக். “விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS) டிஸ்க்கில் மேக்கால் எழுத முடியாது” என்று கேள்விப்பட்டு, எக்ஸ்ஃபேட்டுக்கு மாறிவிடத் தோன்றும். ஆனால் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்க மேக்குக்குக் கூடுதலாக எந்த மென்பொருளும் வேண்டாம். மீட்பதற்கு அதுவே போதும். பேக்கப்பில் வேறொரு கணினி தவறுதலாக எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

எக்ஸ்ஃபேட்டில் இல்லாதது

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது கணினி ஒரே இடத்தில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. உள்ளடக்கம் ஓரிடத்தில், பெயர் இன்னோரிடத்தில், எந்த இடமெல்லாம் நிரம்பியது என்ற கணக்கு வேறோரிடத்தில் என்று பல பதிவுகள் மாற வேண்டும். நடுவில் கரண்ட் போனாலோ, யுஎஸ்பி கேபிள் கழன்றாலோ, பாதி பதிவுகள் மாறியும் பாதி மாறாமலும் நின்றுவிடும்.

இதற்காகத்தான் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4), மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஆகியவற்றில் ஜர்னல் என்ற பதிவேடு இருக்கிறது. கடைகளில் அன்றாட வரவு செலவை முதலில் சிட்டாவில் குறித்துவிட்டு, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறை. பேரேட்டில் ஏற்றும்போது வேலை தடைபட்டாலும் சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துவிடலாம். மேக்கின் புதிய ஏபிஎஃப்எஸ் வேறு வழியில் அதே பாதுகாப்பைத் தருகிறது. பழைய பதிவின் மேல் எழுதாமல், புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே கணக்கை மாற்றும்.

எக்ஸ்ஃபேட்டில் இது இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை 2006-இல் கொண்டு வந்தபோது மெமரி கார்டு, ஃபிளாஷ் டிரைவ் போன்றவற்றை மனதில் வைத்து இலேசாக வடிவமைத்தது. பெரிய எஸ்டி கார்டுகளின் தரநிலையான எஸ்டிஎக்ஸ்சியும் எக்ஸ்ஃபேட்டைத்தான் பயன்படுத்துகிறது. கேமராவில் படம் எடுத்து, கணினியில் இறக்கி, கார்டைக் காலி செய்யும் வேலைக்கு அது பொருத்தமானது. பத்து வருடப் படங்களை வைத்திருக்கும் டிஸ்க்கில், கணக்கு இருக்கும் பகுதி எழுதப்படும்போது கேபிள் கழன்றால் இழப்பு ஒரு கோப்போடு நிற்காமல் போகலாம். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பேக்கப் எடுப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, சின்னக் கோப்புகள் பிடிக்கும் இடம். ஒவ்வொரு கோப்பு முறைமையும் இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும். ஒரு கட்டத்தில் ஒரு கோப்பு மட்டுமே இருக்கலாம், மிச்ச இடம் வீண். பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால், நாம் மாற்றாதவரை ஒரு கட்டம் 128 கேபி. நாம் வாங்கும் அளவு டிஸ்க்குகளில் என்டிஎஃப்எஸ்ஸுக்கு 4 கேபிதான். 4 கேபி அளவுள்ள ஒரு லட்சம் கோப்புகள் என்டிஎஃப்எஸ்ஸில் சுமார் 400 எம்பி பிடிக்கும். எக்ஸ்ஃபேட்டில் அவையே 12 ஜிபிக்கு மேல் பிடிக்கும். படமும் வீடியோவும் மட்டும் வைப்பவர்களுக்கு இது பொருட்டில்லை. புரோகிராம் எழுதுபவர்களுக்கும் மின்னஞ்சல்களைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேர்த்து வைப்பவர்களுக்கும் பெரிய இடிதான்.

இரண்டாம் படி: உங்கள் கணினிக்கு ஏற்றது

விண்டோஸ் மட்டும் எழுதப்போகிறது என்றால் என்டிஎஃப்எஸ். வேறு யோசனையே வேண்டாம். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது, இத்தனை வருடம் உழைத்துத் தேறியது. மேக்கில் படிக்கலாம். லினக்ஸில் படிக்கவும் எழுதவும் செய்யலாம். முழுக் கணினியையும் அப்படியே படியெடுக்கும் விண்டோஸின் சிஸ்டம் இமேஜ் வசதிக்கும் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினைப் பயன்படுத்துங்கள். மேக் இயங்குதளத்தின் 2020-இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து டைம் மெஷின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கில் எழுதுகிறது. டிஸ்க்கை முதன்முறை தேர்ந்தெடுக்கும்போதே தனக்கு வேண்டியபடி ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், ஒப்புக்கொள்ளலாம். மேக்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்காவது டிஸ்க் இருப்பது நல்லது. சுழலும் தட்டு உள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஏபிஎஃப்எஸ் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். பேக்கப் பின்னணியில் தானாக நடப்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய குறை மட்டும் உண்டு. விண்டோஸால் ஏபிஎஃப்எஸ்ஸை நேராகப் படிக்க முடியாது. உங்கள் வீட்டில் ஒரே ஒரு மேக், மற்றதெல்லாம் விண்டோஸ் என்றால், குடும்பப் படங்களையாவது வேறொரு டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட்டில் இன்னொரு படியாக வையுங்கள்.

லினக்ஸுக்கு இஎக்ஸ்டி4. 2008-இலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது. கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், இணைப்புகள் எல்லாம் அப்படியே சேமிக்கப்படும். எக்ஸ்ஃபேட்டில் அவை தங்காது. ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவி மூலம் தேதிவாரியாக பேக்கப் எடுப்பவர்கள் மாறாத கோப்புகளை ஹார்டு லிங்க்காக (மறுபடி நகலெடுக்காமல் அதே கோப்புக்கு இன்னொரு பெயராக) வைத்து இடத்தை மிச்சப்படுத்துவார்கள். அதற்கும் எக்ஸ்ஃபேட் உதவாது. புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, புதிதாக ஃபார்மட் செய்த இஎக்ஸ்டி4 டிஸ்க் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாக இருந்தால் உங்களால் எழுத முடியாது. மேல் கோப்புறையின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று, இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவிடும். 2 டெராபைட் டிஸ்க்கில் அது 100 ஜிபி! இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் அந்த ஒதுக்கீட்டுக்கு அர்த்தம் உண்டு, பேக்கப் டிஸ்க்கில் இல்லை. டியூன்2எஃப்எஸ் என்ற கருவியால் அதைச் சுழியமாகக் குறைத்துவிடலாம், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

லினக்ஸில் கொஞ்சம் பழகியவர்கள் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையையும் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், வருடக்கணக்கில் கிடக்கும் படம் சத்தமில்லாமல் சிதைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டுமே உள்ளடக்கத்தை அப்படிச் சோதிப்பதில்லை. ஆனால் முதல் டிஸ்க்கிலேயே அதில் இறங்க வேண்டாம்.

விண்டோஸும் மேக்கும் ஒரே டிஸ்க்கில் எழுதியே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அப்போது ஒழுக்கம் தேவை. டிஸ்க்கைக் கழற்றும் முன் ஒவ்வொரு முறையும் எஜெக்ட் கொடுங்கள். விண்டோஸிலேயே ஃபார்மட் செய்யுங்கள், மேக்கில் செய்த எக்ஸ்ஃபேட் டிஸ்க் சில நேரம் விண்டோஸில் தகராறு செய்யும். இரண்டாவது படி வேறு எங்காவது கட்டாயம் இருக்கட்டும்.

ஃபேட்32 பக்கம் போகவே வேண்டாம். 1996-இல் வந்த அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. ஐபோனில் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வீடியோ நிமிடத்துக்கு சுமார் 400 எம்பி. பத்து நிமிடம் தாலி கட்டும் காட்சியை எடுத்தால் கதை முடிந்தது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

நாம் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பொதுவான வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது.

என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் கோப்பின் பெயர் 255 யூனிகோடு குறிகள் வரை இருக்கலாம். இஎக்ஸ்டி4-இலும் எல்லை 255தான், ஆனால் அது பைட் கணக்கு. ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறிக்கும் 3 பைட் ஆகும் என்பதால் 85 குறிகளில் எல்லை வந்துவிடும். நாம் மூன்றெழுத்தாக எண்ணும் ‘பாட்டி’ என்ற சொல்லே ஆறு குறி, 18 பைட். ப, துணைக்கால், ட, புள்ளி, ட, மேல்விலங்கு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்துச் சேமித்த பிடிஎஃப், நீளமான பெயரோடு வந்த பாடல் கோப்பு இவையெல்லாம் விண்டோஸில் சரியாக இருந்துவிட்டு, இஎக்ஸ்டி4 டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது “பெயர் மிக நீளம்” என்று நின்றுவிடும். நகலெடுக்கும் மென்பொருள் அதைத் தாண்டிவிட்டு மேலே போனால் உங்களுக்குத் தெரியாமலே சில கோப்புகள் விடுபடும். பெயரைச் சுருக்கி, தேதியை முன்னால் வைத்து எழுதும் பழக்கம் நல்லது. ‘2019-05 காதுகுத்து’ என்றால் போதும்.

பழைய மேக் டிஸ்க்குகளில் வேறொரு சிக்கல் உண்டு. ஒ, ஓ, ஔ ஓசை சேர்ந்த உயிர்மெய்களை எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துச் சேமிக்கும். ‘கோயில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை, முன்னால் வரும் கொம்பு தனி, பின்னால் வரும் கால் தனி என்று இரண்டு குறிகளாக மாற்றிவிடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். மேக்கிலிருந்து லினக்ஸ் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் ஓட்டும்போது ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். ஆர்சிங்க்கில் எழுத்துக்குறி மாற்றத்துக்கென்றே ஐகான்வ் என்ற விருப்பம் இருக்கிறது, அதைக் கொடுத்தால் தீரும். ஏபிஎஃப்எஸ் இப்படிப் பிரிப்பதில்லை.

மூன்றாம் படி: ஃபார்மட் செய்வது

ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். டிஸ்க்கில் ஏதாவது இருந்தால் முதலில் வேறிடத்துக்கு நகலெடுங்கள். மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் பென் டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள், தவறான டிஸ்க்கை அழிப்பது அப்படித்தான் நடக்கிறது. கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், மேக் 1 டெராபைட் என்றே காட்டும். கணக்கிடும் முறைதான் வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

விண்டோஸில்: திஸ் பிசியைத் திறந்து டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் இப்போதைய கோப்பு முறைமை தெரியும். ஏற்கெனவே என்டிஎஃப்எஸ் என்று இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். இல்லையென்றால் வலது கிளிக் செய்து ஃபார்மட், என்டிஎஃப்எஸ், அலொகேஷன் யூனிட் சைஸை டிஃபால்ட்டிலேயே விடுங்கள். லேபிளில் ஒரு பெயர் கொடுங்கள். புதுச் சுழல்தட்டு டிஸ்க் என்றால் குவிக் ஃபார்மட் டிக்கை ஒரு முறை எடுத்துவிட்டுச் செய்வது நல்லது. பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். டிஸ்க் முழுவதையும் எழுதிப் பார்ப்பதால், பழுதான இடம் இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். எஸ்எஸ்டிக்கு குவிக் போதும்.

மேக்கில்: டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் டிஸ்க்கின் பகுதி மட்டும்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் டிஸ்க் பெயரைத் தேர்ந்தெடுத்து எரேஸ், ஃபார்மட்டில் ஏபிஎஃப்எஸ், ஸ்கீமில் ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்.

உபுண்டு போன்றவற்றில் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே இஎக்ஸ்டி4 தேர்ந்தெடுக்கலாம். கட்டளை எதுவும் தட்ட வேண்டாம்.

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால், அதைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும் இடத்தில் ஜிபிடி என்று சொல்லுங்கள். எம்பிஆரால் பொதுவாக 2 டெராபைட்டுக்கு அப்பால் இருக்கும் இடத்தைப் பயன்படுத்த முடியாது.

கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டு (என்கிரிப்ஷன்) வேண்டுமா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். ஆதார் நகல், பத்திரங்கள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும் டிஸ்க் கையடக்கமானது, எளிதில் தொலையும். பூட்டுவதற்கு விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் என்கிரிப்டட் ஏபிஎஃப்எஸ், லினக்ஸில் லக்ஸ் இருக்கின்றன. விண்டோஸின் ஹோம் பதிப்பில் பிட்லாக்கரால் இப்படி ஒரு டிஸ்க்கைப் பூட்ட முடியாது, வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். கடவுச்சொல்லும், பிட்லாக்கர் தரும் மீட்புச் சாவி இருந்தால் அதுவும் தொலைந்தால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது. அவற்றை எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

நான்காம் படி: சோதித்துப் பார்ப்பது

பேக்கப் எடுத்த அன்றே முதல் கேள்விகளுக்கு எழுதிய தாளை எடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோ, தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்புறை, சில பழைய படங்கள். இவற்றை டிஸ்க்கில் போட்டு, எஜெக்ட் செய்து, இரண்டாவது கணினியில் செருகித் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடம் வரை நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பை அந்தக் கணினிக்கு நகலெடுத்தும் பாருங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப்பாக எண்ணமாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஆபத்து. ஏபிஎஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், “பயன்படுத்தும் முன் இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று ஒரு பெட்டி வரலாம். மேக்கும் தனக்குப் புரியாத டிஸ்க்கைப் பார்த்தால் இனிஷியலைஸ் என்ற பொத்தானைக் காட்டும். டிஸ்க் கெட்டுவிட்டதாக நினைத்து அதை அழுத்துபவர்கள் நிறைய. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் கணினிக்கு அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பேக்கப் டிஸ்க்கை டிவியில் செருகிப் படம் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். சில டிவிகளில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியை இயக்கினால் டிஸ்க்கை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். ரிமோட் குழந்தை கையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிவிக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் போதும். ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பேக்கப், ஒரு பாதி பரிமாற்றம் என்று வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஏற்கெனவே நிரம்பிய டிஸ்க் ஃபேட்32-இல் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. விண்டோஸில் கன்வர்ட் என்ற கட்டளை, கோப்புகளை அழிக்காமலே அதை என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும். இருந்தாலும் முக்கியமானவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுத்தான் அதை ஓட்ட வேண்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு இந்தக் கட்டளை உதவாது. நகலெடுத்து, ஃபார்மட் செய்து, திரும்பப் போடுவதுதான் வழி.

கடைசியாக, டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். என்ன ஃபார்மட், எந்தக் கணினியின் பேக்கப், பூட்டு உண்டா, எந்த வருடம் வாங்கியது, ‘ஃபார்மட் கேட்டால் கேன்சல்’ என்று நாலு வரி. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.